14 வயதுப் பெண்ணின் நாவலில் சடங்கு வீட்டை எங்கே வைப்பது?

கேள்வி: கரிசல்மண்

13 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் படிப்பதற்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 45,000 சொல், 30 அத்தியாயம். களம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். காலம் 2016–17 கல்வியாண்டு. நாயகி மாரிக்கு 14 வயது, அரசு மேல்நிலைப் பள்ளியில் 9ஆம் வகுப்பு. அப்பா, அம்மா இருவருக்கும் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை. வீட்டில் ஆச்சியும் ஒரு தம்பியும். கோவில்பட்டி ஹாக்கி ஊர். மாரிக்கும் ஹாக்கி மட்டைதான் உயிர். கதையை அவளே 'நான்' என்று சொல்கிறாள்.

20ஆம் அத்தியாயத்தில், மழைக்காலத்தில், அவள் பெரியவளானதற்குச் சடங்கு. தாய்மாமன் சீர், பச்சை ஓலைக் குடிசை, உளுந்தங்களி, பந்தல், மொய் என்று ஒன்றுவிடாமல் 4,000 சொல்லில் எழுதியிருக்கிறேன். படித்த மூன்று பேரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: கல்யாண வீடியோ பார்த்த மாதிரி இருக்கிறதாம். சடங்குக்குப் பிறகு ஆச்சி அவளை மைதானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளிலும், பெண்களுக்கான இலவச டவுன் பஸ்ஸிலும் மாரி வீட்டுக்குத் தெரியாமல் பயிற்சிக்குப் போகிறாள். 22 வயது மாமா மகனின் போனில் தினமும் ஹாக்கி வீடியோ பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறாள். மாவட்டப் போட்டியில் கோல் போடுகிறாள், அப்பா மனம் மாறுகிறார்.

சடங்கை எங்கே வைப்பது, எவ்வளவு எழுதுவது? ரத்தம் என்ற சொல்லை நேராக எழுதலாமா, பெற்றோர் புத்தகத்தை வாங்கவிடாமல் செய்வார்களா? வட்டார வழக்கு எவ்வளவு வரலாம்? பின்னுரையில் 'தெற்காசியப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள சடங்கு' என்று ஒரு குறிப்பும் எழுத நினைக்கிறேன். சரியா?

மறுமொழி: அச்சுக்கோர்ப்பு

45,000 சொல்லில் 4,000 என்றால் நாவலில் கிட்டத்தட்ட 9 சதவீதம். 1,200க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் வெட்டினால் மட்டும் வீடியோத்தன்மை போகாது. அந்த அத்தியாயத்தை யார் கண் பார்க்கிறது என்பதில்தான் கோளாறு. 'நான்' என்று சொல்பவள் மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். சீர்த்தட்டு எத்தனை, பந்தலில் என்ன எழுதியிருந்தது, மாமா எந்த வேட்டி கட்டியிருந்தார் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவது இவ்வளவுதான்:

'மணையில உக்கார வச்சதுல இருந்து நான் பாத்ததெல்லாம் காலுதான். வெடிச்ச குதிகாலு சின்னத்தையோடது. மருதாணி போட்ட காலு யாருன்னு தெரியல. ஒவ்வொரு காலா வந்து நிக்கும், கன்னத்துல ஈரமா சந்தனம் விழும், போயிரும். மாலை கழுத்தை அறுக்குது. ஒண்ணுக்கு வேற வருது. அத்தை இந்தச் சேலையில பதினாலு ஊக்கு குத்திருக்கா. எண்ணிட்டுத்தான் இருந்தேன்.'

மாதிரிக்குத்தான் இது, உங்கள் மாரி வேறு மாதிரி பேசலாம். கனம், அரிப்பு, பசி, அடக்கிவைத்த சிறுநீர் என்று அந்த உடம்புக்குள்ளிருந்து எழுதினால் 1,200 சொல்லே தாராளம். ஓலைக் குடிசையை விவரிக்கத் தனிப்பத்தி வேண்டாம். உள்ளே படுத்துக்கொண்டு கூரை ஓலை பச்சையிலிருந்து பழுப்பாவதைப் பார்த்து அவள் நாளை எண்ணட்டும். குடிசையும் வந்துவிடும், எத்தனை நாள் கழிந்தது என்பதும் வந்துவிடும்.

அடுத்தது இடம். 20ஆம் அத்தியாயத்தில் இருப்பதால் அது உச்சக்காட்சி மாதிரி நிற்கிறது. ஆனால் உங்கள் கதையின் முடிச்சே சடங்குக்குப் பிறகுதான் விழுகிறது. 6 அல்லது 7ஆம் அத்தியாயத்துக்கு நகர்த்துங்கள். சடங்கு அவளுக்கு மற்றவர்கள் செய்வது. அதில் அவள் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. அவள் எடுக்கும் முதல் முடிவிலிருந்துதான் இளையோர் நாவல் சூடுபிடிக்கும். இப்போது அந்த முடிவு 21ஆம் அத்தியாயத்தில் வருகிறது. 14 வயது வாசகி அதுவரை காத்திருக்க மாட்டாள்.

எழுத உட்காருமுன் ஒரு வேலை செய்யுங்கள். தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சடங்குக்கு முந்தைய வாரம் மாரியால் என்னென்ன முடிந்தது, மறுபக்கம் பிந்தைய வாரம் என்ன முடியவில்லை என்று எழுதுங்கள். ஆறரை மணி வரை மைதானம், பம்புசெட்டில் குளியல், திண்ணையில் கால் நீட்டி உட்காருவது, தம்பியோடு கடைக்கு ஓடுவது, சத்தமாகச் சிரிப்பது. ஒவ்வொன்றையும் பறிப்பவர் யார், எந்தச் சொல்லில் பறிக்கிறார் என்றும் எதிரே குறியுங்கள். ஆச்சி அதட்டுவாள். அம்மா கெஞ்சுவாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மட்டையை எடுத்துப் பரணில் வைப்பார். பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். 7 முதல் 15 வரையிலான அத்தியாயங்கள் அந்தத் தாளிலிருந்தே கிடைக்கும். ஆச்சியை மட்டும் வில்லியாக்கினால் நாவல் படுத்துவிடும். அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அது அவள் வாயாலேயே வரட்டும்.

மொய்யை இன்னும் நெருங்கிப் பாருங்கள். உங்கள் பிரதியில் அது கொண்டாட்டத்தின் ஓர் ஓரம். கரிசல் வீட்டில் அது கணக்கு. பல வருஷமாக ஊரார் வீட்டு விசேஷத்தில் எழுதிய பணம் திரும்பி வரும் நாள் அது. 'எனக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று மாரி சொன்னால் அம்மா ஏன் அழுகிறாள் என்பதற்கு விடை மொய் நோட்டில்தான் இருக்கிறது. தம்பி எழுதிய நோட்டை மாரி ஒருநாள் ராத்திரி எடுத்துக் கூட்டிப் பார்க்கட்டும். எனக்குப் பிடித்த காட்சி அதுவாகத்தான் இருக்கும்.

மறுமொழி: நாட்காட்டி

காலப்பிழைகள் சில. உங்கள் வாசகிகளின் அக்காமார் அந்த வருஷத்தில் படித்தவர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது 2021 மே மாதம். 2016இல் மாரியிடம் இருப்பது மாணவர் பஸ் பாஸ். அது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தடத்துக்குத்தான். மைதானம் வேறு தடத்தில் இருந்தால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு நல்ல சங்கடம், விட்டுவிடாதீர்கள்.

அரசு சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் கிடைக்கும். 9ஆம் வகுப்புக்காரிக்கு இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு அக்காவின் சைக்கிளை அவள் இரவல் வாங்கலாம். அப்படிச் செய்தால் ரகசியம் தெரிந்த இன்னொருத்தி கதைக்குள் வந்துவிடுவாள்.

போனில் தினமும் வீடியோ என்பதும் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடக்காது. ஜியோ வெளிவந்தது 2016 செப்டம்பர் 5. அதற்கு முன் டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழித்தார்கள். ஜியோ வந்த பிறகும் 4ஜி போன் வேண்டும். மாமா மகனிடம் இருப்பது பழைய போன் என்றால் சிம் கிடைத்தும் பயனில்லை.

எல்லாவற்றையும்விட, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டில் 2016 நவம்பர் 8 இருக்கிறது. அன்று ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. உங்கள் பிரதியில் சடங்கு 'மழைக்காலத்தில்' நடக்கிறது. அதை நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். தீப்பெட்டி ஆபீசில் கூலி ரொக்கமாகத் தரமுடியாமல் தவிக்கிறார்கள். மழையில் குச்சி காயாமல் வேலையும் குறைவு. வங்கியிலிருந்து பணம் எடுக்க வாரத்துக்கு உச்சவரம்பு. நவம்பர் 17இல் கல்யாண வீட்டுக்கு மட்டும் இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று சலுகை வந்தது. சடங்கு வீட்டுக்கு அது கிடையாது. அப்பா சடங்கு அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்த் திரும்பி வரலாம். மொய்க் கவரில் வருவதெல்லாம் பழைய 500. டிசம்பர் 30க்குள் கணக்கில் கட்டியாக வேண்டும். அச்சுக்கோர்ப்பு சொன்ன மொய் நோட்டுக் காட்சியில், கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் எத்தனை பழைய நோட்டு என்று தம்பி தனியாகக் குறித்திருப்பான்.

கதை பிளஸ் டூ வரை நீண்டால் இன்னொன்று கவனியுங்கள். 2018–19இல் மாரி 11ஆம் வகுப்பு வரும்போது அங்கேயும் பொதுத்தேர்வு இருக்கும், மொத்தம் 600 மதிப்பெண். '1200க்கு எவ்வளவு' என்று யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள்.

மறுமொழி: செம்பருத்தி

உடம்பு சம்பந்தமாக. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் முதல் மாதவிலக்கு பளிச்சென்ற சிவப்பில், வகுப்பறையில், வெள்ளைத் தாவணியில் வருகிறது. நிஜத்தில் பல பிள்ளைகளுக்கு அது உள்ளாடையில் பழுப்புக் கறையாகத் தொடங்கும். அடிபட்டுவிட்டது, வயிற்றுப்போக்கு என்றுகூட நினைப்பார்கள். மாரி ஹாக்கி ஆடுகிறவள். விழுந்து சிராய்த்த ரத்தம் என்று ஒரு முழு நாள் நம்பலாம். இது சோடனை இல்லை, நடக்கக்கூடியது.

அடுத்த மாதம் சரியாக 28ஆம் நாள் வருவதாக எழுதியிருந்தால் மாற்றுங்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் சுழற்சி ஒழுங்காக இருக்காது. 21 நாளில் வரலாம், 45 நாளும் ஆகலாம். ஆட்டத்தன்று வந்துவிடுமோ என்ற பதற்றத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நாப்கின் கணக்கு: கிராமப்புறத்து வளரிளம் பெண்களுக்கு 2012 வாக்கில் தமிழக அரசு தொடங்கிய புதுயுகம் என்ற இலவச நாப்கின் திட்டத்தில் ஒரு பாக்கெட்டில் 6, இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஆக 18. ஒரு சுழற்சிக்கு 9தான் வரும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 4, ஐந்து நாளைக்கு 20. பாதிகூட எட்டாது. அதனால் பள்ளிக்கு நாப்கின், வீட்டில் துணி என்று பிரித்துக்கொள்வார்கள். மாரிக்கு மைதானத்துக்கும் ஒன்று வேண்டும். அவள் எதைக் குறைப்பாள்? துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது என்று மற்ற துணிக்கு அடியில் போடுவார்கள். மழைக்காலத்தில் காயாது. ஈரத்துணியோடு ஓடினால் தொடை உரசிப் புண்ணாகும். இதையெல்லாம் எழுதுங்கள். இதை எழுத்தில் முதல்முறையாக ஒரு பெண் படிக்கும்போது அவளுக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது.

பெற்றோர் எதிர்ப்பைப் பற்றி: 8ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே 'வளரிளம் பருவமடைதல்' என்று பாடம் இருக்கிறது. பாடத்தில் உள்ளதைவிட ஒரு சொல் கூடுதலாக உங்களுக்குத் தேவைப்படாது. சொல்பவள் நேராக 'ரத்தம்' என்று சொல்லட்டும். மற்றவர்கள் அவரவர் சொல்லில் மறைத்துப் பேசட்டும். ஆச்சிக்குத் 'தூரம்', அம்மாவுக்குத் 'தலைக்குக் குளிக்கிறது', கூட்டாளிகளுக்கு 'டேட்'. விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்'. இரண்டு வாரம் கழித்து கை நிறைய வளையலோடு வகுப்புக்குள் நுழையும்போது அந்தக் காய்ச்சலை நம்பாதவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சுருக்கத்தில் மாமா மகன் வருகிறான். சீர் செய்ய வந்த இடத்தில் முறைப்பையன் என்று கேலி நடக்கும், அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் 22 வயதுக்காரனின் சீண்டலைக் காதலாக இனிக்க இனிக்க எழுதாதீர்கள். பெண் 18 வயதுக்குக் கீழே என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது, 2012இலிருந்து. மாரிக்கு அது கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது என்றால் அப்படியே எழுதுங்கள்.

மறுமொழி: பனங்கூடல்

பின்னுரைக் குறிப்பை எடுத்துவிடுங்கோ. தெற்காசியாவில் எல்லாருக்கும் இந்தச் சடங்கு இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஊரைக் கூட்டிச் செய்வார்கள். அசாமில் துலோனி பியா என்று உண்டு. நேபாளத்தில் நேவார் பிள்ளைகளை 12 நாள் வெயில் படாமல் அறைக்குள் வைத்து, பிறகு சூரியனைக் காட்டுவார்கள். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெரும்பாலான வீடுகளில் விழா என்று ஒன்றுமே இல்லை. தாய் காதோடு சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதனால் கதையின் வடிவமே மாறும். அங்கே அந்தப் பிள்ளைக்கு உள்ள பாரம் யாரிடமும் சொல்ல முடியாதது. உங்கள் மாரிக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது என்பது பாரம்.

ஈழத்தமிழரான நாங்கள் இதைச் சாமத்தியவீடு என்போம், பிள்ளை 'பெரியபிள்ளையாகிவிட்டாள்' என்போம். மாமன் பாலும் அறுகும் தலையில் வைத்துத் தண்ணீர் வார்ப்பது, பிறகு ஆராத்தி. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மண்டபம் கிடைக்கும் நாளையும் பள்ளி விடுமுறையையும் பார்த்து மாதக்கணக்கில் தள்ளிச் செய்வார்கள். அப்படிச் செய்யும்போது சடங்குக்கும் உடம்பில் நடந்ததற்கும் இடையே பெரிய இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பிள்ளை பள்ளிக்கூடமும் போய்வருவாள். புலம்பெயர் நாவல் எழுதுபவருக்கு அது பெரிய வாய்ப்பு, உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் ஊரை மட்டும் எழுதுங்கோ.

வழக்குச் சொல் பற்றியும் ஒன்று. 'வந்தாக' என்பதும் 'வந்தாவ' என்பதும் ஒரே ஆச்சியின் வாயில் வரக்கூடாது. உங்கள் பிரதியில் இரண்டும் கலந்திருந்தால் ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே பிடிப்பார். வினைமுற்று ஒன்றைத் தெரிவுசெய்து கடைசி வரை காப்பாற்றுங்கோ. பிறகு ஒரு இருபது வட்டாரச் சொல் போதும்.

கேள்வியாளர்: கரிசல்மண்

நன்றி. பின்னுரை போய்விட்டது. சடங்கை 7க்கு நகர்த்துகிறேன், தேதி நவம்பர் 20தான். முடிவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கோல், கைதட்டல், அப்பா கண்ணீர். எனக்கே திருப்தியில்லை.

மறுமொழி: நூலக அடுக்கு

கோல் போட்டால்தான் விளையாட அனுமதி என்றால், தோற்றவளுக்கு அனுமதி இல்லை என்றாகிவிடும். 13 வயது வாசகி இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள், ஏனென்றால் அவளைப் போன்றவர்களில் பெரும்பாலானோர் ஜெயிப்பவர்கள் இல்லை.

ஆங்கிலத்தில் வந்த இரண்டு நாவல்களை அமைப்புக்காக மட்டும் பாருங்கள். பத்மா வெங்கட்ராமனின் 'கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்' 2008இல் வந்தது. 1941இல் பம்பாயிலிருந்து சென்னையில் தாத்தா வீட்டுக்கு வந்துசேரும் 15 வயது வித்யாவின் கதை. அந்த வீட்டில் ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. நூலகம் மாடியில். அங்கே போய்ப் படிக்க அவள் தாத்தாவிடம் வாய்விட்டு அனுமதி கேட்கிறாள். யுத்தமும் சுதந்திரப் போராட்டமும் சுற்றி நடந்தாலும் நாவலைத் தாங்குவது ஒரு படிக்கட்டு. சுசான் ஃபிஷர் ஸ்டேபிள்ஸின் 'ஷபானு' 1989. எழுதியவர் அமெரிக்கர், களம் பாகிஸ்தானின் சோலிஸ்தான் பாலைவனம். ஷபானு உயிராய் வளர்த்த ஒட்டகத்தை அப்பா சந்தையில் விற்றுவிடுகிறார், வீட்டுக் கல்யாணச் செலவுக்காக. பின்னால் அவளையே வயதான ஒரு பணக்காரருக்குப் பேசிமுடிக்கும்போது, ஒட்டகத்தை விற்ற காட்சி வாசகருக்கு நினைவு வந்தே தீரும். இரண்டிலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது, அதன்மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வி இருக்கிறது.

உங்களிடம் அது ஏற்கெனவே பரணில் கிடக்கிறது. அப்பா 8ஆம் அத்தியாயத்தில் மேலே வைத்த மட்டை. முடிவில் யார் எடுக்கிறார்கள்? அப்பா எடுத்துக் கொடுத்தால் அது அவர் கதை. மாரி திருட்டுத்தனமாக எடுத்தால் நடுப்பகுதிக்குச் சரி, முடிவுக்குப் போதாது. எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, பகலில், ஸ்டூலைப் போட்டு ஏறி அவளே எடுக்கட்டும். யார் தடுக்கிறார், யார் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறார் என்பதை மட்டும் முடிவுசெய்யுங்கள். மாவட்டப் போட்டியை அதற்கு முன்னால் கொண்டுபோய்விடலாம், தோற்கவும் செய்யலாம்.

பிரதி முடிந்ததும் 13 முதல் 15 வயதுக்குள் ஐந்து பேரிடம் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு எழுந்தாய் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அதற்கு முந்தைய ஐந்து பக்கத்தில் கோளாறு.

கேள்வியாளர்: கரிசல்மண்

ஸ்டூலை ஆச்சி பிடிப்பாள் என்று தோன்றுகிறது. அவள் அதுவரை சொன்ன ஒன்றையும் திரும்பப் பெறாமல்.

மறுமொழி: அச்சுக்கோர்ப்பு

திட்டிக்கொண்டே பிடிக்கட்டும். ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும், எந்த பஸ்ஸில் வருவாய் என்று கேட்டுக்கொண்டே. அப்பாவை அந்த நேரம் வாசலில் நிறுத்துங்கள், பேசவிடாதீர்கள்.